அமுக்கி வந்த வாரம்

கோயம்புத்தூரில் ஒரு கிரைண்டர் கடை. அதன் மாடியில் ஒரு காலத்தில் பதினோரு பெட்டிகள் குடியிருந்தன. எல்லாமே சத்தம் போடும் பெட்டிகள். அதுதான் அவற்றின் பிழைப்பு.

பெட்டிகளுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர், தமயந்தியும் எபினேசரும். ஒரே கல்லூரியில் ஒன்றாகப் படித்து, ஒன்றாகவே கோட்டைவிட்டு, ‘மின்கம்பம்’ என்று பெயர் வைத்து ஒரு மின்னணு இசைக்குழு தொடங்கியவர்கள். குழுவில் பாடகர் கிடையாது, பாட்டு வரியும் கிடையாது. ஒயரைச் செருகுவார்கள், பிடுங்குவார்கள், குமிழைத் திருகுவார்கள். அப்படியே மூன்று ஆல்பம் போட்டுவிட்டார்கள். இவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கீழே கடைக்காரருக்கு இன்றுவரை தெரியாது. ஏதோ ரிப்பேர் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பெட்டிகளில் மூத்தது பேஸ். ஒலியின் அடிமட்டம் அதன் பொறுப்பு. அது வாயைத் திறந்தால் கீழே அடுக்கி வைத்திருக்கும் கிரைண்டர் மூடிகள் லேசாக அதிரும். அதில் பேஸுக்குப் பெருமை உண்டு. வெளியில் காட்டிக்கொள்ளாதே தவிர, நிறையவே உண்டு.

அதற்குப் பக்கத்தில் இருந்தது டிரம். ‘தும், தும்’ என்று பிசகாமல் அடிப்பது அதன் வேலை. மூன்று ஆல்பத்திலும் இரண்டும் அடுத்தடுத்துதான் நின்றன. ஒன்றையொன்று மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்ளும். டிரம் அடிக்கும், பேஸ் உருளும். இரண்டும் ஒரே நேரத்தில் முழுத் தொண்டையில் கத்தினாலும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக நினைத்ததில்லை.

நான்காவது ஆல்பத்தில்தான் வினை வந்தது. இந்தத் தடவை மினிமல் டெக்னோ என்று தமயந்தி அறிவித்துவிட்டாள். ஒரே தாளம் திரும்பத் திரும்ப வரும். அதில் மாறுவது கொஞ்சம், அதுவும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் தெரியும். ஆல்பத்துக்குப் பெயரே ‘கொஞ்சம்’. மொத்தம் ஐந்தே பெட்டிதான், ஆறாவதாக ஒன்று இருந்தாலும் அது குப்பை என்றாள். எபியும் தலையாட்டினான்.

பதினொன்றில் எந்த ஐந்து? அதற்கு இருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். மற்றவர் எல்லாப் பெட்டிகளையும் ஓடவிட்டு, ஏதாவது ஒன்றின் வாயை மட்டும் அடைப்பார். நூறு தாளம் போவதற்குள் எது காணோம் என்று சுவர்ப்பக்கம் இருப்பவர் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் அந்தப் பெட்டி பிழைத்தது. “எல்லாம் இருக்குதே” என்று சொல்லிவிட்டால் அந்தப் பெட்டி பரணுக்குப் போகும். இல்லாமல் போனதே தெரியாத ஒன்று இருந்து என்ன பயன் என்பது அவர்கள் கட்சி.

முதலில் போனது வயலின் குரலில் இழுக்கும் பெட்டி. பரணேறும்போதும் இழுத்துக்கொண்டேதான் போனது. பிறகு மணியோசைப் பெட்டி. அப்புறம் இன்னும் மூன்று. ஒவ்வொரு தடவையும் பேஸ் பெரிய மனுஷத்தனமாக ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தது. தன் முறை வரும் என்று அது நினைக்கவே இல்லை. அடிமட்டத்தை எடுத்துவிட்டால் மேலே என்ன நிற்கும் என்று ஒரு தைரியம்.

மீதம் ஆறு. பேஸ், டிரம், கைதட்டல், எதிரொலி, ‘ச்சிக்’ என்று மட்டும் சொல்லத் தெரிந்த சின்னப் பெட்டி, காற்றுப்போல் இரையும் இன்னொரு பெட்டி. இன்னும் ஒன்று போனால் முடிந்தது என்று எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, தமயந்தி தெர்மாகோல் பொதிக்குள் ஏழாவதாக ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினாள்.

சாம்பல் நிறப் பெட்டி. முன்பக்கம் ஒரு கண்ணாடி, அதற்குள் ஒரு முள், இரண்டு குமிழ், ஒரு சிவப்பு விளக்கு, அதன் கீழே ஒரு பொத்தான். அவ்வளவுதான். தன் சொந்தக் குரல் என்று அதற்கு ஒன்றும் கிடையாது. சத்தம் போட்டுப் பிழைக்கும் இடத்தில் சத்தமே போடாத ஒன்று வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

“சிநேகிதி கொஞ்ச நாளைக்கு வச்சுக்கன்னு குடுத்தா,” என்றாள் தமயந்தி. “கம்ப்ரஸர். இனிமே டிரம் அடிக்கறப்ப பேஸு ஒதுங்கி வழி விடணும். ரெண்டும் ஒரே நேரத்துல கத்துனா இந்த ஆல்பத்துக்கு ஆகாது. இது பேஸை அமுக்கிப் பிடிச்சுக்கும். அடி முடிஞ்சதும் விட்டுரும்.”

பேஸ் ஒவ்வொரு சொல்லையும் கேட்டது. எபி ஒயர்களைக் குத்தினான். பேஸிலிருந்து ஒரு ஒயர் புதுப் பெட்டிக்குப் போனது. அமுக்கப்போவது தன்னைத்தானே, அதனால் சரி என்று விட்டது. பிறகு டிரம்மிலிருந்தும் ஒரு ஒயர் அதே பெட்டிக்குப் போனது. அதுதான் பேஸின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

பெட்டிகளின் பேச்சு மனிதர் காதில் விழாது, விழுந்தாலும் வெறும் கரகரப்பாகத்தான் விழும். அதனால் எபி டீ குடிக்கக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் பேஸுக்கு இல்லை. அப்போதே கேட்டுவிட்டது.

“மாப்ள, உன்கிட்ட இருந்து எதுக்கு அதுக்கு ஒயர் போகுது?”

“எனக்கெப்படித் தெரியும்? குத்துனாங்க, இருக்குது.”

“நீ சத்தம் போட்டா நான் அடங்கணும்னு யாரு சொன்னது?”

“நான் சொல்லல.”

“சொல்லாமயா ஒயர் வரும்?”

டிரம் விழித்தது. அடிப்பதைத் தவிர அதிகம் பேசிப் பழகாத பெட்டி அது. மாட்டிக்கொண்டதால்தான் விழிக்கிறது என்று பேஸ் முடிவுகட்டிவிட்டது. ஒன்றும் செய்யாதவனும் திடீரென்று கேட்டால் விழிக்கத்தான் செய்வான் என்று அதற்குத் தோன்றவில்லை. சந்தேகம் வந்த மண்டைக்குள் இரண்டாவது காரணத்துக்கு இடமிருப்பதில்லை.

தமயந்தி பொத்தானைத் தட்டினாள். டிரம் எந்த நொடியில் அடிக்கும் என்று பேஸுக்கு அத்துப்படி. அந்த நொடிக்குச் சற்று முன்னால் அது அவசரமாக யோசித்தது. எப்படியும் அமுக்கப்போகிறார்கள். கைதட்டல், ச்சிக் போன்ற சின்னதுகள் பார்க்கும்படி கழுத்தைப் பிடித்து அமுக்கினால் அது அவமானம். அதற்கு முன்னால் நாமாகவே குனிந்துவிட்டால் அது பணிவு. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம், தனக்குத் தெரியுமல்லவா?

டிரம் ‘தும்’ என்றது. பேஸ் குரலை உள்ளே இழுத்துக்கொண்டது. அடி ஓய்ந்ததும் மெல்ல எழுந்தது. கண்ணாடிக்குள் முள் ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது.

“கேட்டியாடா?” என்றாள் தமயந்தி. “மூச்சு விடற மாதிரி இருக்குது.”

எபி குமிழைப் பிடித்து வலப்பக்கம் திருகினான். பேஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் அழுத்தப்போகிறான் என்று புரிந்தது. அடுத்த அடிக்கு இன்னும் கொஞ்சம் குனிந்தது. எபிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இடப்பக்கம் திருகிப் பார்த்தான். பேஸ் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. என்ன துல்லியமான பெட்டி என்று இருவரும் சாயங்காலம்வரை அந்தக் குமிழைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிகள் புதியவருக்கு அமுக்கி என்று பெயர் வைத்தன. முகத்துக்கு நேரே மட்டும் சார். செவ்வாய்க்கிழமை காலை கைதட்டல், வணக்கம் சார் என்று சொல்லிப் பார்த்தது. பதில் இல்லை. ச்சிக்கும் சொல்லிப் பார்த்தது. அதற்கும் இல்லை. திட்டுகிற அதிகாரியிடம்கூட ஒருவழியாகக் காலம் தள்ளிவிடலாம். வாயே திறக்காத அதிகாரியிடம் என்ன செய்வது? சிவப்பு விளக்கு மட்டும் விடாமல் எரிந்தது.

“பேஸ்ணா,” என்றது கைதட்டல், குரலைத் தாழ்த்தி. “அந்த முள்ளைக் கவனிச்சீங்ளா? நாங்க யாரு பேசுனாலும் அது அசையறதில்லைங்ணா. நீங்க வாயைத் தொறந்தா மட்டும் ஆடுது.”

பேஸ் சோதித்துப் பார்த்தது. நிஜம்தான். தான் ஒரு முனகல் முனகினாலும் முள் அசைந்தது. ஏழு பெட்டியில் இரண்டு போக வேண்டும். புதிதாக வந்தது தன்னை மட்டும் கவனிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஜோசியம் வேண்டியதில்லை. தன் இடத்துக்குத்தான் ஆள் வந்திருக்கிறது. மூன்று ஆல்பத்துக்கு அடியில் கிடந்து தாங்கிய இடம். பரண் இருட்டில் வயலின் பெட்டிக்குப் பக்கத்தில் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும் தன்னை பேஸ் நினைத்துப் பார்த்தது.

அந்த ஆத்திரத்தில், அமுக்கி ஒரு நாள் சூடேறிச் செத்தால் தேவலை என்று கைதட்டலிடம் சொன்னது. பக்கத்தில் எதிரொலி இருந்ததை மறந்துவிட்டது. எதிரொலியின் தொழிலே கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான். செத்தால் தேவலை, தேவலை, வலை என்று மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மெலிந்துகொண்டே சொல்லிவிட்டு நிறுத்தியது.

புதன்கிழமை காலை எபி வந்ததும் வராததுமாக அமுக்கியின் குமிழைப் பிடித்து இன்னும் வலப்பக்கம் திருகினான்.

எபியின் மனதில் ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து வரும் வழியில் அவனுக்கு அப்படித் தோன்றியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் பேஸுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. நேற்று மதியம் சொன்னது, இன்று காலைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. கொண்டுபோனது யார்? வாயில் எதுவும் தங்காதவர் இங்கே ஒருவர்தானே.

அன்று முழுக்க பேஸ் எதிரொலியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிரொலி ஏன் தம்பி ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை அக்கா என்றது. அந்த ஒன்றுமில்லை அக்காவையும் எதிரொலி மூன்று தடவை திருப்பிச் சொன்னது. பார், இதையும் எடுத்துக்கொண்டு போகப் பழகிப் பார்க்கிறது என்று பேஸ் உள்ளுக்குள் கறுவியது.

வியாழக்கிழமை மதியம் எபி சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். தமயந்தியின் விரல், எல்லாப் பெட்டிகளின் ஒயரும் வந்து சேரும் மிக்ஸர் பலகையின் மேல் அலைந்து, எதிரொலியின் வாயை அடைத்தது.

சாதாரணமாக நடந்திருந்தால் எதிரொலி பிழைத்திருக்கும். பேஸ் ஒவ்வொரு சொல்லையும் முடித்த பிறகு, அதன் வாலைப் பிடித்துத் தேய்த்துத் தேய்த்து இழுப்பது எதிரொலிதான். அது இல்லாவிட்டால் தாளத்துக்கு நடுவில் இடைவெளி பளிச்சென்று தெரியும். எபிக்கு அந்த அளவுக்குக் காது உண்டு. ஆனால் பேஸ் அன்று தன் சொல்லை வழக்கம்போல் முடிக்கவில்லை. தானே இழுத்தது. தேய்த்தது. மெலிந்து மெலிந்து, எதிரொலி எங்கே முடிக்குமோ அங்கே கொண்டுபோய் முடித்தது. தன்னால் அவ்வளவு நன்றாகச் செய்ய முடியும் என்று அதற்கே அன்றுவரை தெரியாது.

எபி கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணினான். டிரம் இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது, ச்சிக் இருக்கிறது, காற்று இரைச்சல் இருக்கிறது, பேஸ் குனிந்து எழுகிறது, அதன் வால் தேய்கிறது. நூறு தாளம் ஓடி முடிந்தது.

“எல்லாம் இருக்குதே,” என்றான்.

திரும்பிப் பார்த்ததும் அவனுக்கே நம்ப முடியவில்லை. எதிரொலியா என்று இரண்டு முறை கேட்டான். தமயந்திக்கும் மனசில்லை. ஆனாலும் வைத்த விதியை ஆசைக்காக மாற்றினால் பிறகு எல்லாவற்றுக்கும் மாற்ற வேண்டிவரும் என்றாள். எதிரொலியின் ஒயர்களைப் பிடுங்கும்போது அது கடைசியாக பேஸின் பக்கம் பார்த்தது.

“நான் யார்கிட்டயும் எதையும் கொண்டுபோகல தம்பி. நீ சொன்னதை உன்கிட்டத்தான் திருப்பிச் சொன்னேன்.”

இந்தத் தடவை அது ஒரே ஒரு முறைதான் சொன்னது. அதற்குள் ஒயர் பிடுங்கப்பட்டுவிட்டது.

பேஸுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு உட்கார்ந்திருப்பது கஷ்டம். அதைக் கோபமாக மாற்றிக்கொண்டால் கொஞ்சம் சௌகரியம். பேஸ் மாற்றிக்கொண்டது. கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டுமே, பக்கத்தில் டிரம் இருந்தது.

நடந்ததை முழுக்கப் பார்த்திருந்தது டிரம். இருந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறொன்று சொன்னது.

“மாப்ள, நான் வேணா கொஞ்சம் மெதுவா அடிக்கட்டுமா? என் சத்தம் கொறஞ்சா அமுக்கி உன்னைய விட்டுரும்ல.”

சிநேகிதத்தில் சொன்ன வார்த்தை அது. டிரம் மெதுவாக அடித்தால் அதற்கே ஆபத்து. மறுநாள் சோதனையில் அதன் கதியே கேள்விக்குறியாகிவிடும். அதைத் தெரிந்துதான் சொன்னது. ஆனால் பேஸின் காதில் அது வேறுமாதிரி விழுந்தது. நீ மெதுவாக அடித்தால் பழி என் மேல்தான் விழும், உன் தயவெல்லாம் எனக்கு வேண்டாம், உன் ஒயரை மட்டும் பார்த்துக்கொள் என்றது பேஸ். அதன் பிறகு இரண்டும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே லிஃப்டில் ஏறி, ஒரே மாடியில் இறங்கி, ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொள்கிற குடித்தனக்காரர்கள்போல் ஒரு நாள் கழிந்தது.

வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை. இன்னும் ஒன்று போக வேண்டும். இந்த முறை தமயந்தி சுவர்ப்பக்கம் உட்கார்ந்தாள். எபியின் விரல் அலைந்தது. ச்சிக்கைத் தாண்டியது, கைதட்டலைத் தாண்டியது, பேஸின் மேல் கொஞ்சம் நின்றது. பேஸுக்கு உயிரே போய்விட்டது. பிறகு எபிக்கு என்ன தோன்றியதோ, மிக்ஸரை விட்டுவிட்டு எழுந்துபோய் அமுக்கியின் சிவப்பு விளக்கின் கீழிருந்த பொத்தானை அமுக்கினான். அதுவும் ஒரு பெட்டிதானே, அதற்கும் சோதனை உண்டு என்று அவன் கணக்கு.

விளக்கு அணைந்தது.

அமுக்கியின் கண் மூடிவிட்டது என்று பேஸுக்கு ஒரு துள்ளல். இனி யார் அமுக்குவது? அடுத்த அடிக்கு முழுத் தொண்டையைத் திறந்துவிடலாம். திறக்கப் போகும்போதுதான் அந்தப் பழைய சந்தேகம் வந்து தோளைத் தொட்டது. விளக்கை அணைத்துவிட்டு நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கிறார்களோ? எதற்கும் வழக்கம்போலவே இருந்துவிடுவோம்.

டிரம் ‘தும்’ என்றது. பேஸ் குனிந்தது. குனிந்த முதுகின் மேல் முதன்முறையாக ஒரு கை விழுந்தது. கனமான கையில்லை, தட்டிக்கொடுப்பதுபோல் இதமான கைதான். ஆனால் ஏற்கெனவே தரையைத் தொட்டுக்கொண்டிருந்த பேஸ் அந்தச் சின்ன அழுத்தத்தில் தரைக்குள்ளேயே போய்விட்டது. அதன் குரல் அடியோடு நின்றது.

அதே சமயம் பக்கத்தில் யாரோ கொட்டாவி விடும் சத்தம் கேட்டது.

“ஏனுங்க, நீங்கதானுங்களா பேஸுங்கறது? வணக்கமுங்க. இப்பத்தானுங்க என்னைய உள்ள விட்டிருக்காங்க.”

பேசியது அமுக்கி. பேஸுக்கு வாய் குழறியது. “இப்பத்தானா?”

“ஆமாங்க. வந்த நாள்ல இருந்து வெளியதான் நிக்கறேன். உங்க சத்தம் வாசல்வரைக்கும் வரும், முள்ளு மட்டும் தூக்கத்துல ஆடிட்டுக் கெடக்கும். யாரையும் இன்னும் தொட்டதே இல்லீங்க.” அது பேஸை மேலும் கீழும் பார்த்தது. “நீங்க ஏனுங்க இப்படிக் குனிஞ்சிருக்கீங்க? முதுகுல ஏதாச்சும் வலியா?”

சுவர்ப்பக்கமிருந்து தமயந்தி, “பேஸைத் தூக்கிட்டே,” என்றாள்.

இல்லையே, கம்ப்ரஸரைத்தானே எடுத்தேன் என்றான் எபி. அவள் எழுந்து வந்தாள். இருவரும் அந்தப் பொத்தானை ஒரு முறை அமுக்கினார்கள், இன்னொரு முறை அமுக்கினார்கள். ஒயர்களைத் தடவிப் பார்த்தார்கள். பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார்கள். பிறகு தமயந்தி தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். விஷயம் இதுதான். சிவப்பு விளக்கு எரிந்தால் பெட்டி வேலை செய்கிறது என்று இருவரும் நினைத்திருந்தார்கள். எரிந்தால் பெட்டி ஒதுங்கி நிற்கிறது, ஒலி அதைத் தொடாமல் நேராகப் போகிறது என்று அர்த்தமாம். ஐந்து நாளாக இருவரும் எதையும் அமுக்காத ஒரு பெட்டியின் குமிழைத் திருகித் திருகி, இப்போது நன்றாக இருக்கிறது, இப்போது இன்னும் நன்றாக இருக்கிறது என்று புல்லரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“மூச்சு விடுதுன்னு நீதான்டி சொன்னே.”

“இன்னும் திருகட்டுமான்னு நீதான்டா கேட்டே. வெளிய எவன்கிட்டயும் சொல்லித் தொலைச்சிராதே.”

சிரிப்பு ஓய்ந்ததும் தமயந்தி திங்கட்கிழமைப் பதிவை எடுத்து ஓடவிட்டாள். அவள் முகம் மாறியது. மறுபடி ஓடவிட்டாள். பிரமை இல்லை, டிரம் அடிக்கும்போதெல்லாம் பேஸ் நிஜமாகவே குனிகிறது என்றாள்.

“அப்ப யாருடி அமுக்குனது?” என்றான் எபி.

அதைக் கண்டுபிடிக்க அவர்கள் அமுக்கியின் எல்லா ஒயர்களையும் பிடுங்கிவிட்டு, டிரம்மையும் பேஸையும் மட்டும் நேராக ஓடவிட ஏற்பாடு செய்தார்கள். கைதட்டல், ச்சிக், இரைச்சல், எல்லாம் பேஸையே பார்த்துக்கொண்டிருந்தன. அறைக்கே இப்போது தெரிந்துவிட்டது. பேஸுக்கும் தெரிந்துவிட்டது. யாரும் அமுக்கவில்லை. டிரம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எதிரொலி எதையும் கொண்டுபோகவில்லை. அக்கா பரணில் இருக்கிறாள்.

ஒரு நாளுக்குப் பிறகு டிரம்தான் முதலில் பேசியது.

“மாப்ள, போனது போகட்டும். இப்ப எந்திரி. நான் அடிக்கறேன், நீ பாட்டுக்கு உன் சத்தத்தைப் போடு. எனக்கு எப்பவுமே அது இடைஞ்சலா இருந்ததில்ல.”

பேஸ் இந்த முறை நம்பியது. முழுசாக நம்பியது. ஒரே ஒரு அடிக்கு நிமிர்ந்து நின்றுவிட்டால் போதும் என்று முடிவுசெய்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

டிரம் ‘தும்’ என்றது. பேஸ் குனிந்தது.

அது குனிய நினைக்கவில்லை. நிமிர நினைத்ததற்கும் அடி விழுந்ததற்கும் நடுவில் உடம்பு தானாகவே வளைந்துவிட்டது. அடுத்த அடிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டது. குனிந்தது. பத்து அடி, இருபது அடி. ஒவ்வொன்றுக்கும் முயன்றது, ஒவ்வொன்றுக்கும் குனிந்தது.

“அட, இங்க பாரேன்,” என்றான் எபி. “சொல்லாமயே இடம் விடுது. இதுக்குப் போயி கம்ப்ரஸர் எதுக்கு?”

“இந்த மாதிரி பேஸு தேடுனாலும் கெடைக்காதுடா,” என்றாள் தமயந்தி. “ஒண்ணுமே பண்ண வேண்டாம், அதுவா அடங்குது.”

அப்படியாக ஐந்து பெட்டி என்ற கணக்கு நிறைந்தது. மூன்று ஆல்பமாக பேஸ் காத்திருந்த பாராட்டு அது. கேட்டபோது அழ வேண்டும்போல் இருந்தது. அமுக்கியைத் தெர்மாகோலில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு அடி நேரம் பழகிய தோஷத்துக்கு அது எல்லோரிடமும் வருகிறேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனது.

‘கொஞ்சம்’ வெளிவந்தது. கேட்டவர்கள் பேஸைத்தான் அதிகம் பேசினார்கள். என்ன அடக்கம், என்ன பக்குவம் என்றார்கள். அடுத்த ஆல்பத்திலும் அதற்கு இடம் உறுதி என்று எபி சொல்லிவிட்டான்.

முதல் மேடை நிகழ்ச்சி அவினாசி சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. கூட்டம் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தபோது, நாற்பதாவது நிமிடத்தில், தன் பிழைப்பில் முதன்முறையாக டிரம் வேண்டுமென்றே ஒரு அடியை அடிக்காமல் விட்டது. அந்த ஒரு இடத்திலாவது மாப்ள நிமிரட்டும் என்று.

அடி விழவில்லை. பேஸ் குனிந்தது.